விசில் கேட்குதா?

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அன்று காலையிலிருந்து யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. மறுநாள் கிறிஸ்துமஸ். பாதிப் பேருக்கு விடுமுறை. ஆகவே மறுநாளைக்கான துணியையும் சேர்த்துப் பொழுது சாய்வதற்குள் துவைத்து, உலர்த்தி, தேய்த்து மேலே அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு மாடியிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டைகள் சுவரோடு இறங்கும் பெரிய தகரக் குழாய் வழியாகத் தடதடவென்று வந்து விழுந்தன. துவைக்கும் இயந்திரங்கள் குலுங்கின. உலர்த்திகள் உறுமின. விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரம் சீறிச் சீறி ஆவி விட்டது. யாரோ ஆசையாகத் தொங்கவிட்ட காகித நட்சத்திரம் அந்த ஆவியில் நனைந்து, ஒரு முனை மடங்கிக் கிடந்தது.

குழாயின் வாயருகே நின்று மூட்டைகளை அவிழ்ப்பவளை எல்லோரும் முடிச்சக்கா என்று கூப்பிடுவார்கள். எப்பேர்ப்பட்ட முடிச்சும் அவள் விரல் பட்டதும் அவிழ்ந்துவிடும். அவிழ்த்த துணியை உதறித் தடவிப் பார்த்துத்தான் அடுத்த ஆளிடம் தள்ளுவாள். ஸ்பூன், பல்செட், மோதிரம், கைபேசி, டாக்டருக்குத் தெரியாமல் யாரோ தலையணை உறைக்குள் பதுக்கிய கேக் துண்டு என்று எத்தனையோ பிடித்திருக்கிறாள். அவள் கைக்குத் தப்பி ஒரு பொருளும் இயந்திரத்துக்குள் போனதில்லை என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் தள்ளும் துணியை இயந்திரத்தில் போடுபவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. இருவருக்கும் நடுவே கைநீட்டினால் எட்டும் தூரம்தான். ஆனால் இருவரும் பேசிக்கொண்டு மாதக்கணக்காகிவிட்டது.

நாத்தனார் தன் ஒரே மகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய அன்று வந்த வினை அது. வீட்டு வாசலில் பெட்டிகளோடு எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது முடிச்சக்கா மனசு கேட்காமல், "பொண்ணைத் தனியா அனுப்புறியே, கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே" என்றாள். ஏற்கெனவே உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்த நாத்தனார் வெடுக்கென்று திரும்பி, "நீங்க ஒண்ணைப் பெத்திருந்தா தெரியும் அண்ணி" என்று சொல்லிவிட்டாள். குழந்தையில்லாத முடிச்சக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் வேலை நிற்குமா? ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அதற்கு வாய்த்தவன் வண்டி தள்ளும் ரேடியோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பதால் வந்த பெயர்.

"ரேடியோ, இது ரத்தக்கறைத் துணி. தனியாப் போடணும்னு அந்த அம்மாகிட்ட சொல்லு" என்பாள் முடிச்சக்கா.

அவன் வாயைத் திறப்பதற்குள், "கேட்டுச்சுன்னு சொல்லு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். நாத்தனார் இரைச்சலுக்குப் பயந்து எப்போதும் காதில் பஞ்சு வைத்திருப்பவள். அண்ணி பேசுவது மட்டும் அந்தப் பஞ்சைத் தாண்டி எப்படிக் கேட்கிறது என்பது ரேடியோவுக்கு விளங்காத மர்மம்.

பிற்பகலில் சலவைக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை. கழுத்தில் நோயாளியின் உறவினர் என்ற அட்டை தொங்கியது. ஏதோ கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் உதடுகள் அசைவதுதான் தெரிந்தது. முடிச்சக்கா அவள் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"காது மெஷின்! என் பொண்ணோட காது மெஷின்! விரிப்போட சேர்ந்து கீழ வந்துடுச்சு!"

"எந்த வார்டும்மா?"

"குழந்தைங்க வார்டு. நல்ல காய்ச்சல்னு சேர்த்திருக்கோம். காலையில வேர்த்துக் கொட்டுச்சுன்னு விரிப்பு, தலையணை உறை எல்லாம் மாத்தினாங்க. மெஷின் தலையணைகிட்டதான் இருந்திருக்கு. யாரும் பார்க்கலை." அவள் சுண்டு விரலின் மேற்கணுவைக் காட்டினாள். "இத்தனூண்டுதான் இருக்கும். தோல் நிறம்."

"பதறாதம்மா, தேடலாம். பொண்ணு அழுவுறாளா?"

"அழுதாத்தான் பரவாயில்லையே!" என்றாள் அந்தப் பெண். "பொறந்ததுலேருந்து அவளுக்கு மெஷின் இல்லாமக் காது கேட்காது. மெஷின் வெச்சுத்தான் பேசக் கத்துக்கிட்டா. இந்தப் புது மெஷின் வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. இப்ப அது போச்சுன்னு தெரிஞ்சதும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. திறக்கவே மாட்டேங்குறா. கண்ணைத் திறந்தாத்தானே நான் கையைக் காட்டியோ வாயசைச்சோ ஏதாவது சொல்ல முடியும்? தொட்டாத் தட்டிவிடுறா. மருந்தை வாயில வெச்சாத் துப்புறா. காய்ச்சல் ஏறிட்டே போவுது. அவகிட்ட எப்படிப் போய்ச் சேர்றதுன்னே எனக்குத் தெரியலை."

முடிச்சக்கா தன் பக்கத்து மூட்டைகளைப் பார்த்தாள். குழந்தைகள் வார்டின் மூட்டைகள் மஞ்சள் நிறம். அவற்றில் சிலவற்றைச் சற்றுமுன்தான் அவள் அவிழ்த்துத் தள்ளியிருந்தாள். தடவிப் பார்த்தாள்தான். ஆனால் இன்றைய அவசரத்தில் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தாளா? ஒரு தலையணை உறையின் மூலை, ஒரு மடிப்பு... எங்கேயாவது விட்டிருந்தால்?

திரும்பினாள். நாத்தனாரின் இயந்திரம் சுழலத் தொடங்கியிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் கரையிட்ட விரிப்புகள் நுரைக்குள் புரண்டன.

ரேடியோ எங்கே என்று அவள் தேடவில்லை. நேரே போய் நாத்தனாரின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"சின்னவளே, நிறுத்து! மெஷினை நிறுத்து!"

இத்தனை மாதத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்தப் பழைய அழைப்பு நாத்தனாரை ஒரு கணம் உலுக்கியிருக்க வேண்டும். ஆனால் ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது. தண்ணீர் முழுக்க வடிந்தால்தான் கதவு திறக்கும். மூவரும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றார்கள். தண்ணீர்மட்டம் அங்குலம் அங்குலமாக இறங்கியது. குழந்தையின் தாய் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பூட்டு விடுபட்டதும் நாத்தனார் கொதிக்கும் துணியை வெறுங்கையால் வாரி வெளியே போட்டாள். ஒவ்வொன்றாக விரித்தார்கள், உதறினார்கள், உறைகளைப் புரட்டினார்கள். ஒன்றுமில்லை. இயந்திரத்துக்குள் தலையை விட்டு நாத்தனார் விளிம்புகளைத் தடவிப் பார்த்தாள். அங்கும் இல்லை.

முடிச்சக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. தண்ணீரில் விழவில்லை. அப்படியானால் எங்கே? பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிரிக்காத மூட்டைகள் மலைபோலக் கிடந்தன. மஞ்சள் பைகள் தீர்ந்துபோனதால் வேறு நிறப் பைகளிலும் குழந்தைகள் வார்டு துணியைக் கட்டி அனுப்பியிருப்பதாகத் தாய் சொன்னாள். எது எந்த வார்டு என்று சொல்ல வழியில்லை.

"யாரு மெஷினை நிறுத்தினது?"

மேற்பார்வையாளர் வந்துவிட்டார். எந்த நேரத்திலும் சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லாமல் நடமாடுவதால் அவருக்கு அங்கே இஸ்திரி என்று பெயர். முன்னால் சார், பின்னால் இஸ்திரி. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. ஆனால் கை கடிகாரத்துக்குத்தான் போனது.

"அம்மா, எனக்கும் புரியுது. ஆனா ஆபரேஷன் தியேட்டர்லேருந்து துணி கேட்டு ரெண்டு தடவை போன் வந்தாச்சு. வேலை முடிஞ்சதும் எல்லாரையும் வெச்சுத் தேடச் சொல்றேன்."

"அதுக்குள்ள யாராவது மிதிச்சிட்டா? வேற மூட்டை மேல விழுந்தா?" என்ற தாய் திடீரென்று நிமிர்ந்தாள். "சார், அது விசில் அடிக்கும்!"

"என்னது?"

"மெஷின் ஆன்லதான் இருக்கு. துணி மூடி அழுத்துச்சுன்னா அது தானா விசில் அடிக்கும். சன்னமா, கீச்சுன்னு. எத்தனையோ தடவை வீட்டுல சோஃபா இடுக்குல அப்படித்தான் கண்டுபிடிச்சிருக்கேன். கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருந்தாப் போதும் சார். கேட்டுடும்."

இஸ்திரி சுற்றிலும் பார்த்தார். குலுங்கும் இயந்திரங்கள், உறுமும் உலர்த்திகள், சீறும் உருளை, கூரையில் இரையும் காற்றாடிகள். இங்கே சத்தமில்லாமல் இருப்பதா?

"எல்லாத்தையும் நிறுத்தணுங்கிறீங்களா? உருளை ஆறிடுச்சுன்னா மறுபடி சூடேறவே பொழுது போயிடும். ராத்திரி ஏதாவது அவசர ஆபரேஷன் வந்து துணி இல்லைன்னா யார் பதில் சொல்றது? நானா, நீங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாய் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

நாத்தனார்தான் பேசினாள். "சார், என் பொண்ணு நேத்து போன் பண்ணப்ப லைன் விட்டுப் போச்சு. மறுபடி பேசுற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கலை. அதுக்கே அப்படி. இவங்க பொண்ணு இங்கயே மூணாவது மாடியிலதான் படுத்திருக்கு, ஆனா இவங்களால பேச முடியலை. நிறுத்துங்க சார். வீட்டுக்கு லேட்டாப் போறேன். நாங்க இருந்து முடிச்சுக் குடுக்கறோம்."

"நானும் இருக்கேன்" என்றான் ரேடியோ. உருளையருகே நின்ற இரு பெண்களும் தலையசைத்தார்கள்.

இஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "உருளையில இருக்கறதை முதல்ல எடுங்க, கருகிடப்போகுது" என்றபடி சுவரில் இருந்த பெரிய மின்பெட்டியை நோக்கி அவரே நடந்தார்.

ஒவ்வொன்றாக நின்றது. முதலில் உருளை. பிறகு உலர்த்திகள், உள்ளே துணி தொப்பென்று விழும் ஓசையோடு. பிறகு துவைக்கும் இயந்திரங்கள். கடைசியாகக் கூரைக் காற்றாடிகள் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றன.

பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்தவர்கள்கூட அந்த அறையை அப்படிக் கேட்டதில்லை. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டியது. சூடான இரும்பு ஆறும்போது டிக் டிக்கென்று நெட்டி முறித்தது. ரேடியோ தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, கண் பிதுங்க நின்றான். மூச்சு விடுவதுகூடத் தப்பு என்பதுபோல எல்லோரும் சிலையானார்கள்.

முடிச்சக்கா காதைத் தீட்டினாள். அவளுக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அது அவள் தலைக்குள்ளேயே எப்போதும் இருக்கும் ரீங்காரம். இந்த இரைச்சல் அவள் காதிலிருந்து மெல்லிய ஓசைகளை என்றைக்கோ தின்றுவிட்டிருந்தது. அது இன்றுதான் அவளுக்கே தெரிந்தது. மற்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். தாய் மூட்டைக்கு மூட்டை குனிந்து காதை வைத்துக் கேட்டாள். ஒவ்வொரு முறை நிமிரும்போதும் அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை குறைந்தது.

நாத்தனார் காதுப் பஞ்சை எடுத்து இடுப்பில் செருகினாள். கண்ணை மூடினாள். அப்படியே நின்றாள். பிறகு ஒரு விரலை உயர்த்தினாள்.

"இருக்கு" என்று உதடு மட்டும் அசைந்தது.

அவள் பூனைபோல நடந்தாள். மூட்டை மலையைத் தாண்டினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, போய்த் தகரக் குழாயின் வாயில் தலையைச் சாய்த்தாள். தாயும் ஓடிப்போய்க் காதை வைத்தாள். வைத்த வேகத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியதைப் பார்த்ததுமே முடிச்சக்காவுக்குப் புரிந்துவிட்டது.

இஸ்திரி டார்ச்சை அடித்தார். குழாய் வளைகிற இடத்தில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு மூட்டை சிக்கித் தொங்கியது. அதன் கயிறு உள்ளே துருத்திக்கொண்டிருந்த ஆணியில் மாட்டியிருந்தது.

"கழியால இழுத்துடலாமா?" என்றான் ரேடியோ, கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"இழுத்தா மொத்தமா வந்து தரையில அடிக்கும். உடைஞ்சிடும்" என்றாள் முடிச்சக்கா.

"அப்ப மேலேருந்து இன்னொரு மூட்டையைப் போட்டாங்கன்னா?" என்றாள் நாத்தனார்.

அதை யாரும் யோசிக்கவில்லை. இஸ்திரி தொலைபேசிக்கு ஓடினார். ஒவ்வொரு மாடியாகக் கூப்பிட்டு, குழாயில் எதையும் போடாதீர்கள் என்று கத்தினார். மூன்றாம் மாடி மட்டும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு வந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள். ரேடியோ படிக்கட்டுக்கு ஓடினான்.

முடிச்சக்கா அதற்குள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறிவிட்டாள்.

"என்ன பண்றீங்க? அவன் மேல போய்ச் சேரட்டும்!" என்று கத்தினார் இஸ்திரி.

"அதுக்குள்ள மூட்டை விழுந்தா அது நசுங்கிடும் சார்."

"அது நசுங்கினா நீங்களும்தான் நசுங்குவீங்க!"

அவள் காதில் வாங்கவில்லை. தலையைக் குழாய்க்குள் நுழைத்தாள். தோள் இடித்தது. ஒரு கையை முன்னால் நீட்டி, உடம்பைச் சாய்த்து, எம்பினாள். கூடை ஆடியது. அந்த நேரம் இரண்டு கைகள் அவள் கால்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தன. யாருடையவை என்று அவள் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் சத்தம் கேட்டது.

"நான் பிடிச்சிருக்கேன் அண்ணி. போங்க."

உள்ளே இருட்டு. வியர்வையும் மருந்தும் கலந்த ஈர நாற்றம். தகரம் வழுக்கியது. ஏந்திப் பிடித்த கைகளின் பலத்தில் அவள் இன்னும் கொஞ்சம் மேலே போனாள். விரல் நுனியில் மூட்டை பட்டது. கயிறு பட்டது. முடிச்சு பட்டது. ஈரத்தில் ஊறி, கனத்தில் இறுகிக் கல்லாகியிருந்த முடிச்சு. நகத்தை விட்டுக் கிளறினாள். அசையவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்க இன்னொரு கை இல்லை. குழாய் வழியாக மேலிருந்து பாட்டுச் சத்தம் இறங்கி வந்தது. மூன்றாம் மாடியில் பாடுகிறார்கள். ரேடியோ இன்னும் போய்ச் சேரவில்லை.

கயிற்றை எதிர்ப்பக்கமாகத் தள்ளினாள். ஒரு மயிரிழை நெகிழ்ந்தது. விரல் உள்ளே போனது. மூட்டை வாய் திறந்தது.

முதலில் ஒரு துண்டு. இழுத்துத் தன் உடம்போரமாகக் கீழே விட்டாள். அடுத்து ஒரு சின்ன மேல்சட்டை. பிறகு தலையணை உறை. அதைப் பற்றியபோது துணிக்குள் ஏதோ குட்டியாக, வழவழப்பாக நெருடியது. உறையோடு சேர்த்துக் கைக்குள் பொத்தினாள்.

மேலே கடகடவென்று இடி உருண்டது.

"சின்னவளே!" என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் கால்கள் வெடுக்கென்று இழுக்கப்பட்டன. தகரத்தில் தாடை உரச, அவள் குழாயிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்து நாத்தனார் மேலேயே விழுந்தாள். பின்னாலேயே மேலிருந்து வந்த மூட்டை, சிக்கியிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் வலது தோளில் இடித்துத் தரையில் அறைந்தது. இருவரும் துணிக் குவியலுக்குள் புதைந்தார்கள்.

"அண்ணி! அண்ணி, பேசுங்க!" நாத்தனார் அவள் மேல் கிடந்த துணியைத் தள்ளித் தள்ளி முகத்தைத் தேடினாள்.

முடிச்சக்கா இடது கையை உயர்த்தினாள். அதில் தலையணை உறை சுருண்டிருந்தது.

தாய் மண்டியிட்டு அதைப் பிரித்தாள். மடிப்புக்குள் தோல் நிறத்தில் அந்தக் குட்டிப் பொருள் கிடந்தது. விசில் இல்லை. மூச்சுப்பேச்சு இல்லை. பேட்டரி மூடி திறந்து கிடந்தது. உள்ளே பேட்டரி இல்லை. ஓரத்தில் மெல்லிய கீறல்.

தாய் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, உளுந்தளவு புதுப் பேட்டரி ஒன்றை எடுத்தாள். அவசரத்தில் அது இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை இஸ்திரி குனிந்து எடுத்து அவளுக்காகச் செருகினார். தாய் மூடியைச் சாத்தி, உள்ளங்கைக்குள் வைத்து மூடினாள்.

முடிச்சக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவளைச் சுற்றியிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. உருளைக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். இஸ்திரி, சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விசில் அடிக்குதா?" என்று கேட்டாள் முடிச்சக்கா.

"அடிக்குது அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "போலீஸ்காரன் மாதிரி அடிக்குது."

தாய் இருவரையும் கையோடு இழுத்துக்கொண்டு மேலே போனாள். சலவைக்கூடத்து ஆட்கள் வார்டுக்குள் போகும் வழக்கமில்லை. ஈர ஏப்ரனும் கலைந்த தலையுமாகக் கட்டில்களுக்கு நடுவே நடக்க இருவருக்கும் கூச்சமாக இருந்தது. மூன்றாம் மாடி வாசலில் ரேடியோ மூச்சிரைக்கச் சுவரில் சாய்ந்திருந்தான். ஒரு நிமிடம் பிந்திவிட்டதாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

ஜன்னலோரக் கட்டிலில் அந்தச் சிறுமி சுருண்டு படுத்திருந்தாள். ஆறேழு வயதிருக்கும். இமைகளை அவ்வளவு இறுக்கி மூடியிருந்ததில் நெற்றியெல்லாம் சுருங்கியிருந்தது. தாய் அவள் காதைத் தொட்டதும் கை பாய்ந்து வந்து தட்டியது. தாய் விடவில்லை. மெல்ல அந்தக் குட்டிப் பொருளைக் காதில் பொருத்தினாள்.

சிறுமியின் உடம்பு அசைவற்றுப்போனது. கண் திறக்கவில்லை.

"ஏதாவது பேசுங்க" என்றாள் தாய், முடிச்சக்காவைப் பார்த்து. "என் குரல்னா கோவத்துல திறக்க மாட்டா. புதுக் குரலா இருந்தாப் பார்ப்பா."

முடிச்சக்கா கட்டிலோரம் குனிந்தாள். முன்பின் தெரியாத குழந்தையிடம் என்ன பேசுவது? வேறு வழியில்லாமல் நடந்ததையே சொன்னாள்.

"பாப்பா, உன் காது மெஷின் குழாய்க்குள்ள போய் ஒளிஞ்சிக்கிச்சு. அங்க உட்கார்ந்துகிட்டு விசில் அடிச்சு எங்களைக் கூப்பிட்டுச்சு. நான் தலையை விட்டுத் தேடினேன். இந்த ஆன்ட்டி என் காலைப் பிடிச்சு இழுத்து, நான் அவ மேலயே விழுந்து, ரெண்டு பேரும் அழுக்குத் துணிக்குள்ள..."

ஓர் இமை திறந்தது. ஒரே ஒரு இமை. அந்தக் கண் முடிச்சக்காவின் கலைந்த தலையையும், தாடையில் ஒட்டியிருந்த தகரக் கரியையும் மேலும் கீழும் அளந்தது.

"நாத்தம்" என்றாள் சிறுமி, மூக்கைச் சுருக்கி.

அடுத்த கணம் இரண்டு கண்ணும் திறந்தன. தாய் அவளை அள்ளிக்கொண்டாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பக்கத்துக் கட்டில் குழந்தைகளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். மருந்து ஒரே மடக்கில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பாட்டுக் குழு அந்த வார்டுக்கு வந்தபோது சிறுமி தாயின் மடியில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை" என்று உரக்கக் கேட்டாள்.

கீழே திரும்பும் படிக்கட்டில் நாத்தனார் நின்றாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை..."

"விடு."

"விட மாட்டேன். சொல்லி முடிச்சிடறேன். தினமும் அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. நாக்கு நீண்டுடுச்சு. என் பொண்ணைத் தூக்கி வளர்த்ததே நீங்கதான். எனக்குத் தெரியாதா அது? மன்னிச்சிடுங்க."

முடிச்சக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு படி இறங்கினாள். "வலிச்சுது" என்றாள். "இப்பவும் வலிக்குது. ஆனா நானும் அன்னிக்கு அந்த வாசல்ல வெச்சு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வா, இஸ்திரி தேடுவாரு."

இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. வேலை மலையாகக் கிடந்தது. தியேட்டருக்கு விரிப்புகள் தாமதமாகத்தான் போயின. நல்லவேளையாக அன்று அவசரமாக எதுவும் வரவில்லை. மேலிடத்திலிருந்து வந்த தொலைபேசியில் இஸ்திரி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "ஆமா சார், நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார், வேறு யார் பெயரையும் எடுக்கவில்லை.

அவர்கள் வீடு திரும்ப வெகுநேரமாகும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது கதவு திறந்தது. வேலை நேரம் முடிந்த இரண்டு செவிலியர்கள், பாட்டுக் குழுவில் பாதிப் பேர், ஒரு துப்புரவுத் தொழிலாளி. ரேடியோதான் மாடி மாடியாகக் கதையைப் பரப்பியிருந்தான், கை கால் வைத்து. "மடிக்கறதுக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டோம்" என்றாள் மூத்த செவிலி, தயக்கத்தோடு. முதலில் கோணல்மாணலாக மடித்தார்கள். இஸ்திரி அதைப் பார்த்து நெளிந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ பாட ஆரம்பித்தார்கள். இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கேட்டவரைக்கும் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். விளக்கேற்றும் நேரத்துக்குக் கடைசி வண்டி மேலே போனது.

மறுநாள் காலையில் முடிச்சக்காவுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. தோள் வீங்கிக் கருநீலமாகியிருந்தது. ஒரு கையால் கூந்தலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள், பழைய நாட்களைப்போல. "கிறிஸ்துமஸ் வாழ்த்துண்ணா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அண்ணியின் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"ஐயோ, மெல்லடி. முடியோட தலையும் வந்துடும்போல இருக்கு."

"ஆடாம உட்காருங்க. எவ்வளவு சிக்கு! இதை அவிழ்க்க இன்னொரு முடிச்சக்கா வேணும்" என்றாள் நாத்தனார். ஆனால் கை நிதானமாயிற்று. அடியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல் வாரினாள். முடிச்சக்கா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.